கணினி மெதுவாக இருக்கிறதா? முதலில் இதைப் பாருங்கள்

கணினி ஆமை வேகத்தில் நகர்ந்தால், வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் இலவச மென்பொருள் எதையும் தயவுசெய்து நிறுவாதீர்கள். அதுவும் பின்னணியில் ஓடி நினைவகத்தைத் தின்னும். தேவையான கருவி விண்டோஸிலேயே இருக்கிறது.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதிக்குப் போனால், கணினியோடு சேர்ந்து தானாகவே தொடங்கும் நிரல்களின் பட்டியல் தெரியும். அரட்டைச் செயலி, விளையாட்டு, பிரிண்டர் உதவி நிரல் என்று நாம் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தவை பல இருக்கும். வேண்டாததன் மேல் வலது கிளிக் செய்து ‘டிஸேபிள்’ கொடுங்கள். நிரல் அழிந்துவிடாது, தேவைப்படும்போது நாமே திறந்துகொள்ளலாம். வைரஸ் தடுப்பு நிரலை மட்டும் தொடாதீர்கள்.

குரோமுக்கும் தனியாக ஒரு டாஸ்க் மேனேஜர் உண்டு. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. குரோமைத் திறந்து ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால், எந்தத் தாவல் (டேப்), எந்த நீட்சி (குரோமில் நாம் கூடுதலாகச் சேர்த்த எக்ஸ்டென்ஷன்) எவ்வளவு நினைவகம் பிடிக்கிறது என்று வரிசையாகக் காட்டும். பயன்படுத்தாத நீட்சிகளை நீக்கிவிடுங்கள். செட்டிங்ஸில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் பயன்படுத்தாத தாவல்களின் நினைவகத்தை விடுவிக்கும் ‘மெமரி சேவர்’ இயக்கத்தில் இருக்கட்டும்.

கேஷை, அதாவது பார்த்த பக்கங்களின் படங்கள் போன்றவற்றைக் குரோம் சேமித்துவைக்கும் இடத்தை, அடிக்கடி அழிப்பதால் பயனில்லை. படங்களை மறுபடியும் இறக்க வேண்டியிருப்பதால் பக்கங்கள் இன்னும் தாமதமாகத்தான் திறக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் டாஸ்க் மேனேஜரில் ‘டிஸ்க்’ 100 சதவீதத்திலேயே நின்றால், உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கா என்று பாருங்கள். அப்படியானால் சுழலும் பாகம் இல்லாத, வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டிக்கு மாற்றுவதுதான் வழி.