பழைய பேப்பரும் ஒரு பிடி வெந்தயமும்: கூழ்க் கூடை செய்யும் முறை

பரணில் அடுக்கிய பழைய பேப்பரை எடைக்குப் போடும் முன் அதில் ஒரு கிலோவை எடுத்து வையுங்கள். அதோடு 100 கிராம் வெந்தயமும் நல்ல வெயிலும் இருந்தால் வரவேற்பறை மூலைக்கு இரண்டு கூடை, சுவருக்கு மாட்ட ஒரு முறம் தேறும். பிளாஸ்டிக் டப்பாக்கள் வருமுன் தமிழ்நாட்டில் பல வீடுகளில் மிளகாய் வற்றல், புளி, பருப்பு எல்லாம் இப்படிக் காகிதக் கூழில் செய்த கூடைகளில் இருந்தன. கோடை வெயிலில் செய்து வைத்துக்கொள்வார்கள். கொலு பொம்மைகளில் சிலவற்றையும் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையையும் செய்வது இதே கூழ் வித்தையில்தான். கூடைக்கு வெந்தயமும் சேரும்.

கையால் செய்யும் வேலை மொத்தமே நான்கைந்து மணி நேரம். மற்றதெல்லாம் ஊறவும் காயவும் காத்திருப்பது, கிட்டத்தட்ட பத்து நாள். கெட்டுப்போகும் கூடைகளில் பெரும்பாலானவை இந்தக் காத்திருப்பில் அவசரப்பட்டதால்தான் கெடுகின்றன.

எந்தப் பேப்பர்

சாதாரண நாளிதழ்த் தாள்தான் வேண்டும். வழவழப்பான வாரப் பத்திரிகை, விளம்பரத் தாள், துணிக்கடை கேட்லாக் எதுவும் வேண்டாம். அவற்றின் மேல் வெள்ளைக் களிமண் பூச்சு இருக்கிறது. ஊறினால் சேறாகிவிடும், நாராகப் பிரியாது, காய்ந்தபின் பொலபொலவென உதிரும். பழைய நோட்டுப் புத்தகத் தாள் நன்றாக வரும், பின்னையும் பசைத்துணியையும் கிழித்துப் போட்டுவிடுங்கள். முட்டை அட்டை கிடைத்தால் விடாதீர்கள். அது ஏற்கெனவே கூழாகி வந்த பொருள், ஊறவைத்த ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும்.

தாளை விரலகலத் துண்டுகளாகக் கிழிக்க வேண்டும். நாளிதழை மேலிருந்து கீழாகக் கிழித்தால் சர்ரென்று நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். காகித ஆலையில் நார்கள் ஒரே திசையில் படிவதுதான் காரணம். கத்தரிக்கோல் வேண்டாம். கிழித்த ஓரத்தில் நார் பிசிறு பிசிறாக நிற்கும், தண்ணீர் அதன் வழியாகத்தான் சீக்கிரம் ஏறும்.

ஊறவைத்து அரைத்தல்

கிழித்த தாள் மூழ்கும்படி பெரிய வாளியில் வெந்நீர் ஊற்றுங்கள். இரண்டு நாள் ஊறட்டும். காலையும் மாலையும் தண்ணீரை மாற்றுங்கள், மை கலந்த கறுப்புத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். முழுவதும் வெளுக்காது, வெளுக்கவும் வேண்டியதில்லை. அந்தச் சாம்பல் நிறம்தான் காய்ந்தபின் அழகு. மூன்றாம் நாளுக்கு மேல் விட்டால் புளிக்கும். அந்த வாடை கூடையில் மாதக்கணக்கில் தங்கும்.

அரைப்பதற்கு உரலும் உலக்கையும் இருந்தால் அதற்கு நிகர் வேறில்லை. உலக்கை நாரை நசுக்கிப் பிரிக்கும், மிக்ஸியின் கத்தி நாரை வெட்டும். நீள நார்தான் கூடைக்குப் பலம். மிக்ஸிதான் இருக்கிறதென்றால் ஒரு பிடி தாளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வீதம் போட்டு, பத்து நொடி ஓட்டி நிறுத்தி, மறுபடி ஓட்டி, ஐந்தாறு முறையோடு விட்டுவிடுங்கள். ஜாரை நிறைத்துத் தண்ணீர் குறைத்து ஓட்டினால் மோட்டார் புகையும். கிரைண்டரில் 15 நிமிடம் போதும். பதம் ரவையைப் போலச் சற்றுத் திப்பித் திப்பியாக இருக்கட்டும். சட்னி போல மைய அரைத்தால் மேற்பரப்பு வழவழப்பாக வரும், ஆனால் காயும்போது விரிசல் விடும். அங்கங்கே ஓரிரு எழுத்துகள் முழுசாக மிஞ்சினால் அதை மெனக்கெட்டு அரைக்காதீர்கள், காய்ந்த கூடையில் அது ஒரு தனி அழகு.

அரைத்ததைப் பழைய வேட்டியில் கொட்டி முறுக்கிப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டுவது நிற்க வேண்டும். அதற்காக முழுபலத்தோடு பிழிந்து கட்டியாக்கிவிட்டால் பிறகு வெந்தயம் சீராகக் கலக்காது.

வெந்தயம்

ஒரு கிலோ காய்ந்த தாளுக்கு 100 கிராம். முந்தைய இரவே நான்கு டம்ளர் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் ஊறிய தண்ணீரோடு இட்லி மாவுக்கு அரைப்பதுபோல நுரை பொங்க அரைக்க வேண்டும். வெந்தயத்தின் கொழகொழப்புதான் இங்கே பசை, நார்களைக் கட்டிப்பிடிப்பது அதுதான். வாசனைக்கும் கசப்புக்கும் பூச்சி அண்டாது என்பது பரம்பரையாகச் சொல்வது. ஆனால் கரையானுக்கு வெந்தயம் ஒரு பொருட்டே அல்ல. காகிதம் அதற்கு விருந்து, கூடையை மண் தரையிலோ ஈரச் சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள்.

பசை அதிகமானால் பலமும் அதிகம் என்று நினைத்து 200 கிராமுக்கு மேல் போட்டால் கூழ் கையில் ஒட்டும், காய ஒரு வாரம் கூடுதலாகும், அதற்குள் பூஞ்சை வந்துவிடும். மைதாப் பசை சேர்ப்பவர்களும் உண்டு. கூடை கெட்டியாகத்தான் வரும், கூடவே கரப்பானும் வரும். இன்னும் கெட்டி வேண்டுமானால் புளியங்கொட்டைப் பசை மேல். கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்து, தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஒரு கிலோ தாளுக்கு ஒரு டம்ளர் ஊற்றலாம்.

பிழிந்த கூழில் வெந்தய விழுதையும் இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூளையும், ஒரு பிடி வேப்பிலையை அரைத்துச் சேர்த்து, சப்பாத்தி மாவு போலப் பத்து நிமிடம் பிசையுங்கள். எலுமிச்சை அளவு உருட்டி உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். ஓரம் வெடித்தால் ஈரம் போதாது, கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். தட்டும்போது விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தால் இன்னும் பிழிய வேண்டும்.

அச்சு

கவிழ்த்துப் போட்ட குண்டான், பேசின், அடி குறுகி வாய் அகன்ற எதுவும் சரி. நேர்ச்சுவர் டப்பா, கழுத்து குறுகிய சொம்பு வேண்டாம். கூழ் காயும்போது சுருங்கும். அச்சுக்கு வெளியே அப்பிய கூழ் சுருங்கினால் அச்சை இறுக்கிப் பிடிக்கும், பிடி தாங்காமல் வெடிக்கும். வாய் அகன்ற பாத்திரமாக இருந்தால் மேல்நோக்கி நழுவ இடம் உண்டு. குடம் போல் வேண்டுமென்றால் இரண்டு பாதியாகச் செய்து காய்ந்தபின் ஒட்ட வேண்டும். முதல் கூடைக்கு அந்த ஆசை வேண்டாம்.

அச்சின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி, அதன்மேல் நனைத்த மெல்லிய பருத்தித் துணியை விரியுங்கள். எண்ணெய் தடவும் வழக்கமும் இருக்கிறது. எண்ணெய் ஏறிய இடத்தில் பிறகு வண்ணம் ஒட்டாது என்பதால் துணியே நல்லது. துணியின் மடிப்பு உள்பக்கம் பதியும், பதியட்டும்.

25 சென்டிமீட்டர் வாய் அகலமுள்ள கூடைக்கு அரை கிலோ தாளின் கூழ் தாராளம். கவிழ்ந்த அச்சின் உச்சியில், அதாவது கூடையின் அடிப்பகுதியில் தொடங்குங்கள். எலுமிச்சை அளவு உருண்டைகளைத் தட்டி ஒன்றின் ஓரம் மற்றொன்றின் மேல் ஏறும்படி ஒட்டிக்கொண்டே இறங்குங்கள். பக்கத்தில் பக்கம் வைத்தால் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். அடிக்கு 10 மில்லிமீட்டர், சுவருக்கு 8, விளிம்புக்கு 12. ஒரு தீக்குச்சியில் 8 மில்லிமீட்டரில் பேனாவால் கோடு போட்டு அங்கங்கே குத்திப் பார்த்தால் கனம் தெரிந்துவிடும். கண்ணால் பார்த்தால் எல்லாம் சமமாகத்தான் தெரியும், குத்தினால்தான் ஒரு பக்கம் 5, மறுபக்கம் 14 என்று தெரியவரும். கனம் மாறும் இடத்தில் காயும் வேகமும் மாறும், அங்கேதான் கோணும்.

விளிம்பு சீக்கிரம் உடையும் இடம். பழைய மின்வயர் ஒன்றை வளையமாகச் சுற்றி விளிம்புக் கூழுக்குள் புதைத்துவிடுங்கள். வயரின் மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதால் துருப்பிடிக்காது. வெறும் கட்டுக்கம்பியை வைத்தால் ஒரு மாதத்தில் பழுப்புக் கறை வெளியே தெரியும். கடைசியாக உள்ளங்கையை நனைத்து முழுக்க ஒருமுறை நீவி விடுங்கள். நான்கு மணி நேரம் கழித்துக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் மேல்பகுதி இறுகும்.

காயவைத்தல்

முதல் நாள் நிழலில், காற்றோட்டத்தில். இரண்டாம் நாள் காலை வெயில். ஈரக் கூழை நேரே உச்சி வெயிலில் வைத்தால் வெளித்தோல் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரமாக இருப்பது சுருங்காது, இந்த இழுபறியில் மேலே வலை வலையாக விரிசல். பங்குனி, சித்திரை வெயிலில் 24 முதல் 36 மணி நேரத்தில் வெளியே தொட்டால் காய்ந்தும், உள்ளே சில்லென்றும் இருக்கும். அச்சைக் கழற்ற அதுதான் நேரம். நிமிர்த்திப் போட்டு, பிளாஸ்டிக் உறையின் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தால் பாத்திரம் வந்துவிடும், பிறகு துணியை உரித்தெடுங்கள். ஒரு நாள் தாமதித்து இறுகிவிட்டதென்றால் கத்தியை விட்டு நெம்பாதீர்கள். விளிம்பைச் சுற்றி ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள், இளகும்.

கழற்றிய கூடைக்குள் காய்ந்த பேப்பரைக் கசக்கி நிரப்பினால் வட்டம் கெடாது. ஐந்து முதல் ஏழு நாள், தினமும் கவிழ்த்தும் நிமிர்த்தியும் காயட்டும். காய்ந்துவிட்டதா என்று அறியச் சமையலறைத் தராசில் இரண்டு நாள் தொடர்ந்து எடை பாருங்கள். எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. தராசு இல்லையென்றால் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. தட்டினால் டக் டக்கென்று கேட்க வேண்டும், தொப் தொப்பென்று அல்ல.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். வெள்ளைப் பூஞ்சை லேசாகப் படர்ந்தால் வினிகரில் நனைத்த துணியால் துடைத்து வெயிலில் வைத்தால் போய்விடும். கறுப்புப் புள்ளி உள்ளே ஊடுருவியிருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். கோணிய கூடையையும் வெடித்த கூடையையும் எறிய வேண்டாம். உடைத்து ஊறவைத்து மறுபடி அரைத்தால் புதுக் கூழ்.

சின்ன விரிசலில் வெறும் கூழை அடைத்தால் அது சுருங்கி விழுந்துவிடும். விரிசலை நனைத்து, மைய அரைத்த கூழில் ஃபெவிகால் கலந்து மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் இன்னொன்று போடுங்கள்.

மேல்பூச்சு

80 எண் உப்புத்தாளால் துருத்தல்களைத் தேய்த்து, 120 எண்ணால் ஒரு கை பாருங்கள். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், தூசி நிறைய வரும். அதற்கு மேல் வழவழப்பாக்க வேண்டாம். சொரசொரப்பு போய்விட்டால் கடையில் வாங்கிய பொம்மை போலாகிவிடும்.

நிறம் வேண்டாம் என்று அப்படியே விடுவது எனக்குப் பிடித்தது. வேண்டுமென்றால் காவி. மூன்று பங்கு தண்ணீர், இரண்டு பங்கு காவித்தூள், ஒரு பங்கு ஃபெவிகால் கலந்து இரண்டு பூச்சு. காவி இரும்புச் சத்துள்ள மண் என்பதால் வெளுக்காது. மஞ்சளை மட்டும் நிறத்துக்கு நம்பாதீர்கள், ஜன்னல் வெயில் பட்டால் சில வாரத்தில் ஓடிவிடும். காவியின் மேல் கோலம் போட, சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை எமல்ஷன் போதும். பிரஷுக்குப் பதில் விளக்குமாற்றுக் குச்சியின் நுனியை லேசாக நசுக்கித் தொட்டு இழுத்தால் கோடு கையால் போட்ட கோலம் போலவே வரும். அரிசி மாவுக் கரைசலில் போட்டால் கரப்பான் நக்கி இரண்டே வாரத்தில் கோலம் மறையும்.

மேலே மேட் வார்னிஷ் இரண்டு பூச்சு, உள்ளும் புறமும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் மழைக்கால ஈரத்தை உறிஞ்சி வளையும்.

எதற்கு வைக்கலாம்

நூல்கண்டு, சாவி, ரிமோட், தோலுள்ள வெங்காயம், பூண்டு, காய்ந்த பூ. அரிசியையும் பருப்பையும் அந்தக் காலம் போல நேராகக் கொட்டி வைக்க வேண்டாம், அச்சு மை உணவில் சேரக்கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு பொட்டல விதிகளே நாளிதழில் உணவைப் பொதிவதைத் தடுக்கின்றன. பூச்சாடியாக வேண்டுமென்றால் உள்ளே ஒரு கண்ணாடிப் பாட்டிலை வையுங்கள். அகல் விளக்கை இதன் அருகே கொண்டுபோகாதீர்கள், எரிவது காகிதம். எல்.இ.டி. பல்பு போதும்.

மிஞ்சிய கூழ் மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். அதற்குள் வீட்டில் ஓட்டை விழுந்த மூங்கில் முறம் இருந்தால் எடுங்கள். தூசி தட்டி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பின்பக்கத்தில் கூழை விரலால் பின்னலின் இடுக்குகளில் அழுத்தி அழுத்தி மெழுகுங்கள், 3 மில்லிமீட்டர் போதும். முன்பக்கம் இடுக்கு வழியே பிதுங்கி வருவதை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் பின்னல் தெளிவாக நிற்கும். இது இரண்டே நாளில் காயும். விளிம்பில் பழைய பட்டுப்புடவையின் கரையைச் சுற்றித் தைத்து, பின்னால் தேங்காய் நார்க்கயிற்றில் ஒரு சுருக்கு போட்டு ஆணியில் மாட்டிவிடலாம். வெளிச்சுவரில் வேண்டாம், சாரல் படாத உள்சுவராக இருக்கட்டும்.