மாவுப்பூச்சி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? தொட்டிச் செடிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செம்பருத்தியின் கொழுந்து சுருண்டு, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாகத் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. மாடித்தோட்டக்காரர்கள் பலர் அன்றைக்கே வேப்பெண்ணெய் கலந்து அடித்துவிடுவார்கள். நான்கைந்து நாளில் செடி தெளிந்துவிடும். மூன்றாவது வாரம் பார்த்தால் அதே இடுக்கில் அதே பஞ்சு இருக்கும். உடனே எண்ணெய் சரியில்லை என்று வேறு பாட்டில் தேடிப் போவார்கள். எண்ணெயில் பெரும்பாலும் குறை இருக்காது, நாள் கணக்கில்தான் குறை.

அந்தப் பஞ்சில் பாதி பூச்சி இல்லை, முட்டைப்பை. தாய்ப்பூச்சி மெழுகு நூலால் ஒரு பை பின்னி, அதற்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மெழுகில் நீர் ஒட்டாது, ஆகவே நீங்கள் அடிக்கும் கரைசல் முட்டையைத் தொடுவதே இல்லை. ஒரு வாரம், பத்து நாளில் முட்டை பொரிந்து, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மஞ்சள் நிறக் குஞ்சுகள் வெளியே வந்து தண்டில் ஊரும். இந்தப் பருவத்தில் உடம்பில் மெழுகு கிடையாது. சாதாரண சோப்புத் தண்ணீரே போதும், செத்துவிடும். இதைத் தவறவிட்டால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அதுவும் தாயாகிவிடும். அதனால் ஒரே தடவை ஓங்கி அடிப்பதில் பயன் இல்லை. முதல் நாள், 8-ஆம் நாள், 15-ஆம் நாள், 22-ஆம் நாள் என நான்கு தடவை அடிக்க வேண்டும். இரண்டாவது தடவைக்குள் செடி சுத்தமாகத் தெரியும், கை தானாகத் தளரும். மூன்றாவதை விட்டுவிட்டால் முதல் இரண்டும் வீண்.

அடிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பெரும்பாலோர் செய்வதில்லை. தண்ணீர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, இலையின் அடிப்பக்கமும் இடுக்குகளும் படும்படி வேகமாகப் பீய்ச்ச வேண்டும். பஞ்சும் பூச்சியும் பாதிக்கு மேல் அதிலேயே விழுந்துவிடும். விழுந்தது அடுத்த தொட்டிக்குப் போகாதபடி செடியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் பீய்ச்சுங்கள். இரண்டு மூன்று கொழுந்தில் மட்டும் இருந்தால் தெளிப்பே வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, பூச்சியின்மேல் வைத்து எடுத்தால் மெழுகு கரைந்து அங்கேயே செத்துவிடும். மென்மையான இலையில் இது பட்டால் கருகலாம். முதலில் ஒரு இலையில் தொட்டுவைத்து மறுநாள் பாருங்கள்.

கரைசல் கலப்பதில் வரும் கோளாறு

வேப்பெண்ணெயைத் தண்ணீரில் ஊற்றிக் குலுக்கி, அதன் பிறகு சோப்பு சேர்ப்பதுதான் எங்கும் நடக்கும் தவறு. எண்ணெய் தனியாக மிதக்கும். தெளிப்பானின் குழல் அடியில் இருப்பதால் முதலில் வெறும் தண்ணீர் வரும், கடைசியில் கெட்டி எண்ணெய் வரும். கடைசியாக அடிபட்ட செடியின் இலை கருகும், முதலில் அடிபட்ட செடியில் பூச்சி அப்படியே இருக்கும். முறை தலைகீழானது. ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயை ஒரு கிண்ணத்தில் விட்டு, 1 முதல் 2 மில்லி திரவ சோப்பு, அல்லது காதி சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்த கெட்டிக் கரைசல் ஒரு தேக்கரண்டி சேர்த்து நன்றாக அடித்துக் கலக்குங்கள். வெள்ளையாக, மோர்போல மாறும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கி ஒரு லிட்டராக்குங்கள். ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்து, மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் தெளிப்பானில் ஊற்ற வேண்டாம். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும், மிச்சம் வைத்து அடுத்த வாரம் அடித்தால் வேலை செய்யாது.

போர்வெல் தண்ணீரும் ஒரு காரணம். உப்புத் தண்ணீரில் குளிக்கும்போது சோப்பு நுரைக்காமல் வெள்ளைத் திட்டாகப் படிகிறதே, அதுவேதான் தெளிப்பானுக்குள்ளும் நடக்கிறது. தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொள்வதால் எண்ணெயைக் கரைக்கவும் பூச்சியை நனைக்கவும் சோப்பு மிஞ்சாது. இரண்டு லிட்டருக்கு ஆர்ஓ தண்ணீர் எடுத்தால் செலவு ஒன்றும் பெரிதில்லை. மழைநீர் இருந்தால் இன்னும் நல்லது.

நுரை வரவில்லை என்று துணி துவைக்கும் பவுடரைச் சேர்ப்பவர்கள் உண்டு. அது பூச்சியின் மெழுகை எடுப்பதுபோலவே இலைமேல் இருக்கும் மெழுகுப் பூச்சையும் எடுத்துவிடும். இரண்டே நாளில் இலை ஓரம் தீய்ந்து போவதற்குக் காரணம் இதுதான். கரப்பான், கொசுவுக்கு அடிக்கும் டப்பா ஸ்பிரே அதைவிட மோசம். அதிலுள்ள கரைப்பான்கள் இலையைச் சுட்டுவிடும். கறிவேப்பிலையிலும் கீரையிலும் அடிப்பதற்கென்று அது செய்யப்படவும் இல்லை.

வெயிலில் அடிக்காதீர்கள் என்பதற்கு இரண்டு காரணங்கள். எண்ணெய் பூசிய இலையின்மேல் உச்சிவெயில் பட்டால் கருகும். வேம்பின் வீரியமான அசாடிராக்டின் வெயிலில் சிதைந்தும் போகும். மாலை ஐந்து மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கத்திலிருந்து சொட்டும் அளவுக்கு அடியுங்கள். மேலோட்டமாகப் பனித்துளிபோல அடிப்பது பார்க்க அழகுதான், ஆனால் சோப்பும் எண்ணெயும் மேலே பட்டால்தான் பூச்சி சாகும்.

எறும்பை விட்டுவைப்பது

மாவுப்பூச்சியும் அசுவினியும் சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை வெளியேற்றும். அந்த இனிப்புக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கும். இரை தேடி வரும் பொறிவண்டையும் குளவியையும் விரட்டும், குஞ்சுகளை ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தூக்கியும் போகும். தண்டில் எறும்பு வரிசையாக ஏறி இறங்கினால் மேலே பூச்சி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

எறும்புக்குச் சாக்கட்டி கோடு போட்டால் தண்ணீர் விட்டதும் கரைந்துவிடும். அதில் இருப்பது பூச்சிக்கொல்லி, உண்ணும் செடியின் மண்ணில் கலக்கக் கூடாதது. தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது நல்ல யோசனைதான், ஆனால் அங்கே ஏடிஸ் கொசு முட்டையிடும். தட்டு வைப்பவர்கள் தண்ணீரில் சில சொட்டு சோப்பு விட்டு, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவியே ஆக வேண்டும். புற்றையே ஒழிக்க வேண்டுமானால் இரைதான் சிறந்தது. 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரையும் 1 கிராம் போரிக் ஆசிட் பவுடரும் கரைத்து, பஞ்சில் நனைத்து, துளை போட்ட சின்ன டப்பாவுக்குள் எறும்புப் பாதையில் வையுங்கள். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் எட்டாத இடமாக இருக்கட்டும். சீக்கிரம் தீரட்டும் என்று போரிக் ஆசிடைக் கூட்டுவதுதான் இங்கே நடக்கும் தவறு. வீரியம் கூடினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும். ஒரு சதவீதத்தில் வைத்தால் புற்றுக்குள் கொண்டுபோய் ராணிக்கும் ஊட்டும். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

தொட்டிகளுக்கிடையே அரை அடி இடைவெளியும் வேண்டும். இலையோடு இலை உரசி நின்றால் அதுவே பாலம். பெண் மாவுப்பூச்சிக்கு இறக்கை கிடையாது, காற்றும் எறும்பும் நம் கையும் கத்தரிக்கோலும்தான் அதைச் சுமந்து போகின்றன.

நண்பனைக் கொல்வது

மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவில் அதைவிடப் பெரியதாக, ஒரு செ.மீ. அளவுக்கு, நீண்ட வெள்ளை மெழுகு நூல்களோடு ஏதோ ஊர்ந்தால் 'தாய்ப்பூச்சி மாட்டிக்கொண்டது' என்று நசுக்கிவிடாதீர்கள். அது பெரும்பாலும் கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டின் புழு. 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மாவுப்பூச்சியைத் தின்பதே அதன் வேலை. வேஷம் மட்டும் மாவுப்பூச்சிபோல இருக்கும். ஒரு குச்சியால் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மாவுப்பூச்சி இருந்த இடத்திலேயே கிடக்கும், புழு விறுவிறுவென ஓடும். வளர்ந்த வண்டு கறுப்பு உடலும் செம்பழுப்புத் தலையும் கொண்டது. சிவப்பில் கறுப்புப் புள்ளி இருந்தால்தான் பொறிவண்டு என்று நினைத்தால் இதையும் இழந்துவிடுவோம்.

இயற்கை எதிரிகளின் வலிமைக்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. 2008-இல் கோவைப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என எல்லாவற்றையும் வெண்மையாக்கியது. மருந்தடித்து அடக்க முடியவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த அசெரோபேகஸ் பப்பாயே என்ற மிகச்சிறிய ஒட்டுண்ணிக் குளவியை வயல்களில் விட்ட பிறகே அது அடங்கியது. உங்கள் மாடியிலும் பூச்சிகள் உப்பிப் பழுப்பாகி, முதுகில் வட்டமாக ஓட்டையோடு கிடந்தால் குளவி உள்ளே வளர்ந்து வெளியேறிவிட்டது என்று அர்த்தம். அந்தச் செடியில் தெளிப்பை நிறுத்திவிட்டு வேடிக்கை பாருங்கள்.

தவறான நோய்க்கு மருந்து

இலைமேல் கரியைப் பூசியதுபோலக் கறுப்பாகப் படிந்தால் பூஞ்சைக்கொல்லி வாங்க ஓடுவார்கள். இந்தக் கரும்பூசணம் செடிக்குள் இறங்குவதில்லை. பூச்சி சிந்திய இனிப்புக் கழிவின்மேல் வளர்கிறது. பூச்சி ஒழிந்தால் புது இலை சுத்தமாக வரும். பழைய இலையை ஈரத்துணியால் துடைக்கலாம். நிறைய இலைகள் இருந்தால் லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்துக் காய்ச்சிய கஞ்சியை ஆறவைத்து வடிகட்டி அடியுங்கள். காய்ந்ததும் செதிலாக உரிந்து விழும், கறுப்பும் கூடவே வந்துவிடும். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோது படிந்த கறுப்பை நீக்கவும் இந்தக் கஞ்சியே பரிந்துரைக்கப்பட்டது.

ஏப்ரல், மே வெயிலில் இலை புள்ளிபுள்ளியாக வெளுத்து, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது செம்பேன். வெள்ளைத் தாளில் இலையைத் தட்டினால் தூசிபோல விழுந்து நகரும். செம்பேன் எட்டுக்கால் இனம், பூச்சியே இல்லை. ஆகவே இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லிகள் அதை ஒன்றும் செய்யா. அவற்றை அடித்த பிறகு செம்பேன் பெருகுவதும் உண்டு. இரண்டு நாளுக்கு ஒருமுறை இலை அடியில் தண்ணீர் பீய்ச்சுவதே பாதி வைத்தியம். நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் அடிக்கலாம், ஆனால் எண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் இலை எரியும். கடும் வெயில் நாளிலும் கந்தகம் கூடாது.

தண்ணீர் சரியாக விட்டும் செடி தொங்கி, மேலே பூச்சியே தெரியாமல் இருந்தால் செடியை மண்கட்டியோடு உருவிப் பாருங்கள். தொட்டியின் உள்சுவரிலும் வேரிலும் வெள்ளைத் தூள் இருந்தால் வேர் மாவுப்பூச்சி. கற்றாழையிலும் கள்ளிச் செடிகளிலும் இது அதிகம். பூஞ்சாணம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். மண்ணை முழுக்க உதறி, வேரைக் கழுவி, மேலே சொன்ன வேப்பெண்ணெய்க் கரைசலில் பத்து நிமிடம் முக்கி எடுத்து, வெந்நீரில் கழுவிய தொட்டியில் புது மண்கலவையில் நட வேண்டும்.

அதிகமாக ஊட்டுவது

வாராவாரம் கடலைப் புண்ணாக்குக் கரைசல், நடுவில் மீன் அமிலம், கூடவே யூரியா ஒரு சிட்டிகை என்று ஊட்டினால் செடி கருகருவென்று தளதளக்கும். பூச்சிக்கும் அதுதான் விருந்து. தழைச்சத்து மிஞ்சினால் கொழுந்து சாறு நிறைந்து மென்மையாகிவிடும், உறிஞ்சு குழலைச் செலுத்துவது எளிது. பூச்சி இருக்கும்போது புண்ணாக்கை நிறுத்திவிடுங்கள். தெளிந்த பிறகும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும்.

நர்சரியில் வாங்கிய செடியை நேரே கூட்டத்தில் வைக்காமல் இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். முட்டைப்பை இருந்தால் அதற்குள் பொரிந்து காட்டிவிடும். வெட்டிய கிளைகளை வீட்டு உரத்தொட்டியில் போட வேண்டாம், அந்தச் சூடு பெரும்பாலும் முட்டையைக் கொல்லப் போதாது. பிளாஸ்டிக் பையில் போட்டு வாய் கட்டி, மொட்டைமாடி வெயிலில் ஒரு வாரம் காயப்போட்டுவிட்டு எறியுங்கள். கத்தரிக்கோலை அடுத்த செடிக்குப் போகுமுன் துடைத்துவிடுங்கள். வேப்பெண்ணெய் அடித்த கீரையையும் கறிவேப்பிலையையும் ஐந்தாறு நாள் கழித்துப் பறித்து, நன்றாகக் கழுவிச் சமையுங்கள். அதற்கு முன் பறித்தால் ரசம் முழுக்கக் கசக்கும்.