அரசியலமைப்பை ஊர்கூடி வாசித்தல்: திருகோணமலையில் ஒரு மாலை நிகழ்வை ஒழுங்குசெய்வது எப்படி?

1978 செப்டெம்பர் 7ஆம் திகதி நடைமுறைக்கு வந்த இலங்கை அரசியலமைப்பு 172 உறுப்புரைகளைக் கொண்டது. திருத்தங்களால் இடையில் சேர்க்கப்பட்டவை வேறு. முழுவதையும் ஒரே இருப்பில் வாசிக்க முயன்றால் இறுதியில் வாசிப்பவரும் வெற்று நாற்காலிகளுமே எஞ்சும். முதல் நான்கு அத்தியாயங்கள், அதாவது 1 முதல் 25 வரையான உறுப்புரைகள், ஒரு மாலைக்குப் போதுமானவை.

கடற்கரையில் நடத்தும் ஆசையைக் கைவிடுவது நல்லது. நாங்கள் ஒருமுறை அங்கே நடத்தியபோது, கச்சான் காற்று பத்தாம் உறுப்புரையைப் புரட்டிவிட்டுப் பதினான்கைக் காட்டியது. சனசமூக நிலையமோ வாசிகசாலையோ பொருத்தமானது. வெள்ளி நண்பகலையும் கோயில் திருவிழா நாட்களையும் தவிர்த்து, கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து வருபவர்கள் இருட்டுமுன் திரும்பக்கூடிய நேரத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். ஒலிபெருக்கி வைப்பதாயின் பொலிசாரின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.

எல்லோர் கையிலும் ஒரே பதிப்பு இருப்பது அவசியம். 14ஆம் உறுப்புரையை அடுத்துத் தகவல் அறியும் உரிமையைக் கூறும் 14அ காணப்படாவிட்டால், அந்தப் பிரதி 2015ஆம் ஆண்டின் பத்தொன்பதாம் திருத்தத்துக்கு முந்தியது. அதை ஒதுக்கிவிட்டு, 2022ஆம் ஆண்டின் இருபத்தோராம் திருத்தம் வரை சேர்க்கப்பட்ட பிரதியைத் தேடிக்கொள்ளுங்கள்.

உண்மையான வேலை ஒத்திகையில்தான் இருக்கிறது. சட்டத் தமிழின் வாக்கியம் ஒரு பத்தி நீளத்துக்கு ஓடி, வினைமுற்றை இறுதியில்தான் தருமாகையால், எங்கே மூச்சு விடுவது என்று முன்பே பென்சிலால் கோடிட்டுக்கொள்ளாதவர் நடுவழியில் எழுவாயைத் தொலைத்துவிடுவார். அதைவிட முக்கியமானது, ‘ஆள்’, ‘பிரசை’ (அதாவது நாட்டின் குடிமகன்) என்ற இரு சொற்களையும் அழுத்தி வாசிப்பது. சித்திரவதையைத் தடுக்கும் 11ஆம் உறுப்புரையும் சட்டத்தின் முன் சமத்துவம் கூறும் 12(1)உம் எந்த ஆளுக்கும் உரியவை. பேச்சு, ஒன்றுகூடல் முதலியவற்றைத் தரும் 14ஆம் உறுப்புரையோ பிரசைக்கு மட்டும் உரியது. இந்த வேறுபாடு கண்ணால் படிக்கும்போது நழுவிவிடும், காதால் கேட்கும்போது பிடிபடும்.

இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாக எவரையும் கடைகளிலும் உணவகங்களிலும் விலக்கக்கூடாதென்னும் 12(3)ஐத் தேநீர்க்கடை நடத்தும் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். சட்டத்தரணியின் குரலைவிட அது நன்றாகப் பொருந்தும்.

விரும்பாதவற்றைத் தாண்டிச் செல்ல வேண்டாம். பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் 9ஆம் உறுப்புரையை விட்டுவிட்டால், ஏன் விட்டீர்கள் என்ற கேள்வியே மாலை முழுவதையும் விழுங்கிவிடும். அதுபோலவே, உரிமைகளுக்கு வரம்பிடும் 15ஐயும், முரண்பட்டாலும் பழைய சட்டங்கள் செல்லுபடியாகும் என்னும் 16ஐயும் வாசிக்காமல் 14உடன் கைதட்டி முடிப்பது பாதிக் கணக்கைக் காட்டுவதாகும்.

மொழி பற்றிய நான்காம் அத்தியாயத்தை மெதுவாக வாசியுங்கள். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானதையும், வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிருவாக மொழி தமிழ் என்று 22ஆம் உறுப்புரை கூறுவதையும், சிங்களத்தில் மட்டும் கடிதம் பெற்றுக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அலைந்த அனுபவமுள்ளவர்கள் கேட்காமல் இருக்கமாட்டார்கள். சிங்கள அயலவர்கள் வந்திருந்தால், அரசகரும மொழி பற்றிய 18ஆம் உறுப்புரையை இரு மொழிகளிலும் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கலாம்.

விவாதத்தை வாசிப்புக்கிடையில் அனுமதிக்காமல், கேள்விகளைத் துண்டுத்தாளில் எழுதி வாங்கி, தேநீருக்குப் பின் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் 126ஆம் உறுப்புரைக்குத் தாவ வேண்டும். அடிப்படை உரிமை மீறப்பட்டவர் 17ஆம் உறுப்புரையின்படி நாடும் வழி அங்கேதான் விளக்கப்பட்டிருக்கிறது. உயர் நீதிமன்றத்துக்கு (நம் நாட்டில் இதுவே அதியுயர் மன்று) ஒரு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்னும் பகுதியை இருமுறை வாசித்து, அந்தக் கால எல்லையைக் கரும்பலகையிலும் எழுதிவையுங்கள்.