குற்றக் கணக்கை வாசிப்பதிலும் புகார் கொடுப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை வெளியாகும்போதெல்லாம் எந்த மாநிலத்தில் குற்றம் கூடியது, எங்கே குறைந்தது என்று ஒரு வாரம் சண்டை நடக்கும். அந்த அறிக்கையில் இருப்பது காவல் நிலையங்களில் பதிவான வழக்குகளின் எண்ணிக்கை. பதிவாகாத குற்றம் அதில் எங்கேயும் இல்லை. இதை மறந்துவிட்டு வாசிப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட.

2012-இல் நாடு முழுவதும் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் 24,923. அடுத்த ஆண்டில் 33,707. ஒரே ஆண்டில் குற்றமே 35 சதவீதம் பெருகிவிட்டது என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் நடந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. அதுவரை வாய்திறக்கத் தயங்கியவர்கள் பலர் புகார் கொடுக்க முன்வந்தார்கள். 2013 சட்டத் திருத்தம் குற்றத்தின் வரையறையை விரிவாக்கியது, சம்மத வயதை 16-இலிருந்து 18 ஆக்கியது, இப்படிப்பட்ட புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே சிறைத் தண்டனை என்றது. எண் ஏறாமல் இருந்திருந்தால்தான் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

கேரளத்தைப் பற்றிய பேச்சும் இப்படித்தான். பதிவான குற்றங்களின் விகிதத்தில் அந்த மாநிலம் பல ஆண்டுகள் முன்வரிசையில் இருந்திருக்கிறது. அங்கே மக்கள் தயங்காமல் நிலையத்துக்குப் போகிறார்கள், நிலையமும் எழுதிக்கொள்கிறது என்பதை விட்டுவிட்டு அந்த விகிதத்தைப் படிக்கக் கூடாது. எண்ணைக் குறைத்துக் காட்டினால் பாராட்டு என்று மேலிடம் நினைத்தால், அதற்கு எளிய வழி புகாரை வாங்காமல் இருப்பது. அந்த இடத்தில் குறைந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவது ஆபத்து. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில், உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் சுமார் 14 சதவீதம் பேரே யாரிடமாவது உதவி கேட்டதாகச் சொன்னார்கள். போலீஸ் வரை போனவர்கள் அதிலும் ஒரு சிறு பங்குதான்.

இரண்டு இடங்களை ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். பிணத்தை மறைப்பது கடினம், அதனால் அந்த எண் ஓரளவு நம்பத்தக்கது. அதையும் லட்சம் பேருக்கு எத்தனை என்றுதான் பார்க்க வேண்டும்.

ஒரே எஃப்ஐஆரில், அதாவது முதல் தகவல் அறிக்கையில், பல குற்றங்கள் இருந்தால், கடும் தண்டனைக்குரிய ஒன்றை மட்டுமே காப்பகம் எண்ணும். திருட வந்தவன் தடுத்தவரைக் கொன்றுவிட்டால் கொலைக் கணக்கில் ஒன்று கூடும், திருட்டுக் கணக்கில் ஒன்றும் கூடாது. தண்டனை விகிதத்திலும் பலர் தடுமாறுகிறார்கள். அந்த ஆண்டில் நீதிமன்ற விசாரணை முடிந்த வழக்குகளில் எத்தனை தண்டனையில் முடிந்தன என்பதே அந்த விகிதம். முடிந்தவற்றில் பல, முந்தைய ஆண்டுகளில் பதிவானவை. இழுத்துக்கொண்டே போகும் வழக்குகள் அந்தக் கணக்கில் சேராது.

சரி, இந்த எண்கள் பிறக்கும் இடத்துக்கு வருவோம். பைக்கில் வந்த இருவர் உங்கள் கையிலிருந்த போனைப் பறித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நிலையத்தில், “போன் தொலைஞ்சிடுச்சுன்னு எழுதிக் கொடுங்க, புது சிம் வாங்க அது போதும்” என்கிறார்கள். வேலை சீக்கிரம் முடிகிறதே என்று நீங்களும் எழுதிக் கொடுக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லோடு குற்றம் காணாமல் போகிறது. தொலைந்த பொருளுக்குத் திருடன் கிடையாது. தேடவும் யாருக்கும் வேலையில்லை. அதே தெருவில் பத்து பேருக்கு இப்படி நடந்திருந்தாலும் காவல்துறையின் ஏட்டில் அது அமைதியான தெரு, ரோந்து அங்கே எதற்கு வரப்போகிறது? பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆவது பிரிவில் பறிப்பு தனிக் குற்றம். பறித்தார்கள் என்றே எழுதுங்கள். இடம், நேரம், போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ, வண்டியின் நிறம் என்று நினைவில் இருப்பதை எல்லாம் சேருங்கள். பார்க்காத ஆளின் பெயரைச் சந்தேகத்தின் பேரில் பார்த்ததாக எழுதிவிடாதீர்கள், குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரி மொத்த வழக்கையும் சாய்த்துவிடும்.

தமிழ்நாட்டில் அடிக்கடி நடக்கும் இன்னொன்று, சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வந்ததும் வழக்கு பதிவாகிவிட்டது என்று நம்பி வீடு திரும்புவது. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்ததற்கான ஒப்புகை, அவ்வளவுதான். வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்ஐஆர் போட்டாக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா ஒரு விலக்கு தருகிறது: மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டிஎஸ்பியின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். பதினைந்தாம் நாளும் உங்களிடம் சி.எஸ்.ஆர். மட்டும்தான் இருக்கிறது என்றால், என்ன முடிவெடுத்தார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். எஃப்ஐஆர் பதிவானால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள். நீங்கள் சொன்னதும் அவர்கள் எழுதியதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க அதுதான் நேரம்.

“இது எங்க எல்லை இல்ல” என்றவுடன் திரும்பி வந்துவிடுவதும் தவறு. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரை எந்த நிலையமும் வாங்கிப் பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். ஜீரோ எஃப்ஐஆர் என்பது அதுதான். ஆன்லைனில் புகார் அனுப்புபவர்கள் மறக்கக்கூடாத ஒன்று: மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட்டால்தான் அது பதிவேட்டில் ஏறும்.

நிலையத்தில் மறுத்துவிட்டால் அங்கேயே நின்று வாக்குவாதம் செய்வதால் பயனில்லை. புகாரின் சாரத்தை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவின் கீழ் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். எஸ்.பி.யிடம் போகாமல் நேராக மாஜிஸ்திரேட்டிடம் போனால் மனு அங்கேயே நின்றுவிடும். அதனால் பதிவுத் தபாலாகவே அனுப்புங்கள், அனுப்பிய ரசீதையும் ஒப்புகை அட்டையையும் புகாரின் நகலோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருங்கள்.