ஜீவனாம்சத் தொகையை நியாயமாகக் கணக்கிடுவது எப்படி: ஒரு வக்கீல் குமாஸ்தா சொல்வது

கும்பகோணத்தில் வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். கோர்ட்டில் நின்று வாதாடுவது வக்கீல் ஐயா வேலை. மனுவோடு சேர்க்க வேண்டிய காகிதங்களைக் கட்சிக்காரரிடம் கேட்டு வாங்குவது என் வேலை. விவாகரத்துக் கேஸில் ஜீவனாம்சப் பேச்சு வந்தால் இரண்டு தரப்பும் ஒரு தொகையை மனசில் போட்டுக்கொண்டுதான் படியேறும். "மாசம் இருபதாயிரம் வேணும் சார்" என்பார் அந்தம்மா. "நானே கடன்ல கிடக்கேன், சல்லிக்காசு கிடையாது" என்பார் அந்த அண்ணன். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் இருவரிடமும் பதில் இருக்காது.

டீக்கடையில் வேறு கேள்வி ஓடும்: "பிரிஞ்சு போனப்புறம் காலம் பூரா எதுக்குப் படியளக்கணும்?" கேள்வியில் பாதி நியாயம் உண்டு. இரண்டு வருஷம் வாழ்ந்து, குழந்தை இல்லாமல், இருவரும் சம்பாதிக்கும் நிலையில் பிரிந்தவர்களுக்கு ஆயுள் முழுக்கப் பணம் என்பது எனக்கும் சரியாகப் படவில்லை. இருபத்தைந்து வருஷம் களத்திலும் கொல்லையிலும் உழைத்துவிட்டு, ஐம்பது வயதில் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து நிற்பவர் கதை வேறு. புகுந்த வீட்டு நிலம் கடனில் மூழ்காமல் நின்றதில் அவர் பங்கும் இருக்கிறது. எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள், வயது, படிப்பு, வருமானம், குடும்பத்துக்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்றெல்லாம் கோர்ட் பார்ப்பது இதனால்தான். சொத்தைச் சரிபாதியாக்கும் வழி ஜீவனாம்சம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் சொன்னதையும் மறக்க வேண்டாம். கணவரிடம் கோடி இருந்தால் கோடி கேட்கலாம் என்று யாராவது உசுப்பிவிட்டால் நம்பாதீர்கள்.

எந்தச் சட்டத்தில் கேட்பது? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ம் பிரிவு. தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத மனைவி எந்த மதமானாலும் இதில் கேட்கலாம். மறுமணம் செய்யாத விவாகரத்தான பெண்ணும் இதில் அடக்கம். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் முஸ்லிம் சகோதரிகள் "எங்களுக்கு உண்டா?" என்று தயங்குவார்கள். உண்டு என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இப்போது குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம், புகுந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. இந்து திருமணச் சட்டத்தில் கேஸ் நடந்தால் 24-ம் பிரிவில் இடைக்காலத் தொகை, 25-ம் பிரிவில் நிரந்தரத் தொகை. இந்த இரண்டிலும் கணவனும் கேட்கலாம், மனைவியும் கேட்கலாம். ரெண்டு சட்டத்திலும் மனுப் போட்டால் ஒன்றில் வாங்கியதை மற்றதில் மறைக்கக் கூடாது.

இனி காகிதம். உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4-ல் கொடுத்த தீர்ப்பின்படி, இரு தரப்பும் சொத்தையும் கடனையும் சொல்லி அபிடவிட், அதாவது உறுதிமொழிப் பத்திரம், போட வேண்டும். சம்பளக்காரர்களுக்கு ஒரு படிவம், விவசாயிகளுக்குத் தனியாக ஒரு படிவம். டெல்டாக்காரர்கள் பலர் இது தெரியாமல் சம்பளக்காரர் படிவத்தில் "வருமானம் இல்லை" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். விவசாயப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், மூன்று வருஷ வருமானம், ஆடுமாடு, குத்தகை என்று எல்லாம் அதில் வரும்.

விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, எனவே ஐ.டி. ரிட்டர்ன் இருக்காது. அதற்காக ஆதாரமே இல்லை என்று உட்கார்ந்துவிடக் கூடாது. பட்டா, சிட்டாவை இணையத்திலேயே எடுக்கலாம். இங்கே நிறைய நிலம் கோயில், மடத்து நிலம்; பட்டா அவர் பெயரில் இருக்காது, சாகுபடி அவருடையதாக இருக்கும். யார் என்ன பயிர் செய்கிறார் என்று காட்டும் கிராமக் கணக்கான அடங்கலைப் பாருங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட அடங்கலும் வேண்டும், வங்கிப் புத்தகமும் வேண்டும். பணம் நேராகக் கணக்கில்தான் ஏறுகிறது. தை மாசி மாதங்களில் அந்தக் கணக்கில் ஏறிய தொகையைக் காட்டச் சொல்லி மனுப் போட்டால், "கடன்ல கிடக்கேன்" என்பவர் குரல் கொஞ்சம் இறங்கும்.

கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 30 என்றால் 18 குவிண்டால். குவிண்டால் 2,500 ரூபாய் என்று வைத்தால் ஏக்கருக்கு 45,000. குறுவை, தாளடி என இரண்டு போகம் போட்டால் மூன்று ஏக்கருக்கு 2,70,000. உழவு, நடவு, உரம், அறுவடை மிஷின் வாடகை என்று பாதி போனாலும் 1,35,000 நிற்கும், மாதத்துக்கு 11,250. மேட்டூரில் தண்ணீர் இல்லாத வருஷம் குறுவையே போய்விடும், ஆகவே நல்ல வருஷத்தை மட்டும் காட்டாமல் மூன்று வருஷச் சராசரியை எடுப்பதுதான் இருவருக்கும் நேர்மை. டிராக்டர் வாடகை, கறவை மாடு, சிங்கப்பூரிலிருந்து வரும் பணம் இருந்தால் மேலே கூட்டுங்கள். 2017-ல் ஒரு வழக்கில் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் பேரம் பேச ஒரு தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் பொருந்தும் வாய்ப்பாடு எதுவும் கிடையாது.

வீட்டில் இருக்கும் நோட்டுப் புத்தகங்களையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாபநாசம் பக்கத்து அம்மா ஒருவருக்கு எதிராகக் கணவர் தரப்பு போட்ட எதிர்மனுவில், "மனுதாரர் சமையல் தவிர ஒன்றும் செய்ததில்லை" என்று எழுதியிருந்தது. அவர் மஞ்சள் பையிலிருந்து நீட்டு நோட்டு ஒன்றை எடுத்தார். நடவு ஆள் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு கூலி, எந்தக் கடையில் எத்தனை மூட்டை யூரியா, எந்தத் தேதியில் மடை திறந்தது, எல்லாம் அவர் கையெழுத்தில் வருஷக்கணக்காக ஓடியது. ஓரத்தில் எலி கடித்திருந்தது, இடையில் பால் கணக்கு வேறு. "இதெல்லாம் கோர்ட்டுல காட்டலாமா சார்?" என்று கூச்சத்தோடு கேட்டார். "இதைக் காட்டாம வேற எதைம்மா காட்டுறது?" என்றேன். அடுத்த வாய்தாவுக்குப் பிறகு "சமையல் தவிர" என்ற வார்த்தையை எதிர்த்தரப்பு திரும்பச் சொல்லவில்லை.

நிலம் யார் கைக்கு மாறியது என்று காட்டும் வில்லங்கச் சான்றையும் போடுங்கள். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த வாரமே நிலம் தம்பி பெயரில் தான செட்டில்மெண்ட் ஆகியிருக்கும். இந்த வித்தை புதிதல்ல. 1956-ம் வருஷ இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 28-ம் பிரிவுப்படி, இனாமாக வாங்கியவரையும் விஷயம் தெரிந்தே வாங்கியவரையும் ஜீவனாம்ச உரிமை தொடரும். இந்து திருமணச் சட்டத்தின் 25-ம் பிரிவில் உத்தரவு கேட்கும்போது, தொகைக்கு நிலத்தின் மேல் சார்ஜ் வைக்கவும், அதாவது அந்தத் தொகைக்கு நிலத்தையே பொறுப்பாக்கவும், சேர்த்துக் கேளுங்கள். இதைக் கேட்காமல் விட்டவர்கள் பின்னால் பாக்கிக்காக அலைந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாதாமாதமா, மொத்தமாகவா? மொத்தம் வாங்கினால் உறவு அறுந்துவிடும், நிம்மதிதான். ஆனால் 10 லட்சத்தை 7 சதவீத வட்டியில் போட்டாலும் மாதம் 5,833 ரூபாய்தான் வரும். அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கைமாற்றாகக் கொடுத்தால் அதுவும் போச்சு. மாதத் தொகையில் வேறு ஓட்டை: இன்று கட்டுபடியாகும் தொகை பத்து வருஷத்தில் மளிகைக்கே பத்தாது. 2025 மே மாதம் ஒரு வழக்கில் மாதம் 50,000 ரூபாயும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 5 சதவீத ஏற்றமும் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. அதே கணக்கில் 10,000 ரூபாய் பத்து வருஷத்தில் 12,763 ஆகும். ஏற்றம் 10 சதவீதம் என்று பேசி முடித்தால் 16,105. சமரச மையத்தில் எல்லோரும் முதல் தொகைக்கே மல்லுக்கட்டுவார்கள், ஏற்றத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. விவசாயி என்றால் மாதம் ஒரு சிறு தொகை, சம்பா நெல் பணம் ஏறியதும் மாசியில் மீதி என்று எழுதிக்கொள்வதும் நல்லது. கொடுப்பவருக்கும் அதுதான் முடியும்.

கொடுக்கும் தரப்பு அண்ணன்களுக்கு: மழையில் பயிர் போனாலும், அந்தம்மாவுக்கு நல்ல வேலை கிடைத்தாலும், மறுமணமே ஆனாலும், நீங்களாகப் பணத்தை நிறுத்தாதீர்கள். உத்தரவைக் குறைக்கவோ ரத்து செய்யவோ மனுப் போட வழி இருக்கிறது. அதுவரை பாக்கி ஏறிக்கொண்டே இருக்கும், 144-ம் பிரிவு உத்தரவானால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம்.

வாங்கும் தரப்புக்கு: 144-ல் வாங்கிய உத்தரவுக்குப் பாக்கி விழுந்தால், விழுந்த ஒரு வருஷத்துக்குள் மனுப் போட்டால்தான் வாரண்ட் கிடைக்கும். "அவர் நல்லவர், தந்துடுவார்" என்று மாமா சொன்னார் என்று காலத்தைக் கடத்தாதீர்கள். பணத்தைக் கையில் வாங்காமல் வங்கிக் கணக்கிலேயே போடச் சொல்லி, பாஸ்புத்தகத்தை மாதாமாதம் பதிந்து வையுங்கள். வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் கிடைப்பார். 15100-க்குப் போன் போட்டுக் கேளுங்கள். போகும்போது ஆதார், கல்யாணப் பத்திரிகை, குழந்தைகளின் பள்ளிச் சான்று, சிட்டா நகல், முடிந்தால் அந்த நோட்டுப் புத்தகம், எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள்.