ரோட்டரி எஞ்சினில் எந்தப் பாகத்தைத் திரும்பப் போடலாம்?

மஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி எஞ்சினைப் பிரித்தவுடன் முதலில் ரோட்டார் ஹவுசிங்கை, அதாவது முக்கோண ரோட்டார் உள்ளே சுழலும் உறையைப் பாருங்கள். மற்ற எல்லாம் அப்புறம். அலுமினிய உடலுக்குள் அபெக்ஸ் சீல் (ரோட்டாரின் மூன்று முனைகளிலும் இருக்கும் சீல்) உரசி ஓடும் பரப்பில் குரோம் பூச்சு இருக்கும். கரியை நன்றாகத் துடைத்துவிட்டு ஸ்பார்க் பிளக் துளைகளைச் சுற்றியும் இரு ஓரங்களிலும் நகத்தை ஓட்டுங்கள். வெறும் நிற மாற்றம் பயப்பட வேண்டியதல்ல. நகம் சிக்கினாலோ, சீல் ஓடும் பாதையில் குரோம் உரிந்திருந்தாலோ அந்த ஹவுசிங்கை ஒதுக்கிவிடுங்கள். விலை அதிகம்தான், ஆனாலும் உரிந்த குரோம் புது சீலையும் சீக்கிரமே தின்றுவிடும்.

அடுத்து மைக்ரோமீட்டரால் ஹவுசிங்கின் அகலத்தைப் பல இடங்களில் அளக்க வேண்டும். சுமார் 80 மி.மீ. இருக்கும், இடத்துக்கு இடம் வித்தியாசம் 0.06 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அளவுக்கு மீறிச் சூடேறிய எஞ்சின் என்றால் இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள்.

ஹவுசிங்கின் இரு பக்கமும் மூடும் இரும்புத் தட்டுகளில் படி போன்ற தேய்மானம் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். லேசான தேய்மானத்தைத் தேய்த்துச் சமன்படுத்தலாம். ஆனால் நைட்ரைடிங் (நைட்ரஜனால் பரப்பைக் கடினப்படுத்துவது) செய்த தட்டில் அந்தக் கடினப் பரப்பும் போய்விடும், மறுபடி நைட்ரைடிங் செய்வதே நல்லது.

2 மி.மீ. தடிமன் அபெக்ஸ் சீலின் உயரம் புதிதில் 8 மி.மீ. 6.5க்கு வந்துவிட்டால் ஆயுள் முடிந்தது. இன்னும் மிச்சம் இருந்தாலும் நான் புதிதே போடுவேன். தண்ணீர் சீல், ஓ-ரிங், ஸ்பிரிங் விஷயத்தில் யோசனையே வேண்டாம், எல்லாம் புதிது.