மேற்குச் சுவத்துல செடிக்கொடி ஏத்துறதுக்கு முன்னாடி

வெயில் போய் மூணு நாலு மணி நேரம் ஆகியும் மேற்குப் பக்க பெட்ரூம் அனலா அடிக்குதுன்னா காரணம் சுவர்தான். 9 இஞ்ச் செங்கல் சுவர் மத்தியானம் குடிச்ச சூட்டை மெதுவா உள்ள தள்ளும், அது ரூமுக்குள்ள வந்து சேரவே ராத்திரி ஆயிடும். செடி போட்டா அந்த வெயில் சுவத்துல படாம இலையோடயே நின்னுடும், சுவத்தை செடியால மூடற க்ரீன் வாலோட பெரிய பலன் இதுதான்.

முதல்ல ராத்திரி 9 மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கைத் தொட்டுப் பாருங்க, அப்புறம் சுவத்தையும். சீலிங்தான் ஜாஸ்தி சுடுதுன்னா காசை மொட்டை மாடிக்குப் போடுங்க, வெயிலைத் திருப்பி அனுப்புற வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிச்சாலே நல்லா தெரியும், சுவத்துல எவ்ளோ செடி வச்சாலும் அந்தச் சூடு போகாது.

சுவர்தான்னு தெரிஞ்சா மேற்கு முதல்ல, அடுத்து கிழக்கு. தெற்குக்கு அவசரமே இல்ல, சென்னையில மே ஜூன் ஜூலைல உச்சி வெயில் லேசா வடக்குப் பக்கம் சாஞ்சுதான் இருக்கும், தெற்குச் சுவத்துல அப்போ நேர் வெயிலே படாது.

பாக்கெட் பாக்கெட்டா செடி வச்சு சுவத்துல தொங்கவிடற பேனல் எனக்குப் பிடிக்கல. மண்ணு கம்மி, தண்ணி விடற மோட்டார் ரெண்டு நாள் ஓடலைன்னா மே மாசத்துல மொத்தமா கருகிடும். எல் ஆங்கிள் (L வடிவ இரும்புப் பட்டை) அடிச்சு, சுவத்துலேர்ந்து 4 டு 6 இஞ்ச் தள்ளி ஜிஐ வெல்ட் மெஷ் (துத்தநாகம் பூசின இரும்புக் கம்பி வலை) மாட்டி, கீழ தரையில ரங்கூன் மல்லியோ சங்குப்பூவோ நட்டு ஏத்திவிடுங்க. தரையில மண்ணு இல்லாத ஃப்ளாட்டா, மேல தொட்டியில கர்ட்டன் க்ரீப்பர் வச்சா அதுவே கீழ தொங்கிக்கும். சுவத்துக்கும் மெஷ்ஷுக்கும் நடுவுல அந்த இடைவெளி மட்டும் கண்டிப்பா இருக்கணும், சூடான காத்து அது வழியா மேல ஏறிப் போயிடும், சுவத்துல ஈரமும் சேராது, பெயின்டும் உரியாது.

இலை தண்ணிய ஆவியா விடறதும் குளிர்ச்சிதான், 1 லிட்டர் ஆவியாக கிட்டத்தட்ட 0.68 யூனிட் கரன்ட் அளவு சூட்டை இழுத்துக்கும். ஆனா கடலோர ஊர்ல காத்தே ஈரமா இருக்கறதால அது கொஞ்சம் மந்தம்தான், அதனால நிழலை நம்புங்க, இலை அடர்த்தியா இருக்கற கொடியாப் பாருங்க. கொடி மூடற வரைக்கும் அதே மெஷ்ல ஷேட் நெட் கட்டி வைங்க.

ஏசி அவுட்டோர் யூனிட் பக்கத்துல மட்டும் கொடிய வெட்டிக்கிட்டே இருங்க, காத்து அடைச்சா ஏசி திணறி கரன்ட் பில்லு ஏறிடும்.